வைரம் பாயாத மரம்

மரச்சாமான் வாங்கப் போனால் நம் ஊரில் இரண்டு சோதனை செய்வது வழக்கம். முதலில் விரல்முட்டியால் தட்டிப் பார்ப்போம். அடுத்து நாற்காலியை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்ப்போம். தட்டினால் கணீரென்று கேட்டு, தூக்கினால் கை வலித்தால், 'நல்ல மரம், பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்' என்று முடிவு கட்டிவிடுவோம். இப்போது கடைகளிலும் இணையத்திலும் 'பீச் வுட்' என்ற பெயரில் நாற்காலி, குழந்தைத் தொட்டில், தோசைக் கரண்டி, பூரிக்கட்டை என்று ஏராளமாக வருகின்றன. அவை இந்த இரண்டு சோதனையிலும் சுலபமாகத் தேறிவிடும். பீச் மரம் தேக்கைவிடக் கனம், தேக்கைவிடக் கடினமும்கூட.

ஆனால் அதே பீச் கட்டையைத் தோட்டத்தில் வேலிக்காலாக நட்டுப் பாருங்கள். மண்ணும் காற்றும் சேரும் இடத்தில் சில ஆண்டுகளிலேயே மட்கிப்போகும். ஓர் உதை விட்டால் சாய்ந்துவிடும். பக்கத்தில் நட்ட தேக்கு அப்படியே நிற்கும். கடினமான மரம் சீக்கிரம் கெடுவதும், அதைவிட மென்மையான மரம் நிலைத்து நிற்பதும் எப்படி? மரத்தின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். பீச் மரத்தின் பயன்கள் அத்தனைக்கும் அந்த விடையே காரணம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் புங்க மரத்தை ஆங்கிலத்தில் 'இந்தியன் பீச்' என்பார்கள். புங்கை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச்சுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. உண்மையான பீச், ஓக் மரத்தின் குடும்பம். மரச்சாமான் கடைக்கு வருவது பெரும்பாலும் ஐரோப்பிய பீச். அதன் தாவரவியல் பெயர் ஃபேகஸ் சில்வாட்டிகா. முப்பது மீட்டருக்கு மேல் வளரும். ஜெர்மனி, பிரான்ஸ், ருமேனியா, கார்பேதிய மலைத்தொடர் ஆகியவை அதன் சொந்த மண். ஸ்லோவாக்கியாவிலும் உக்ரைனிலும் கோடரி படாமல் மிஞ்சிய பீச் காடுகளை யுனெஸ்கோ 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிறகு அந்தப் பட்டியல் 18 நாடுகளின் காடுகளாக விரிந்தது.

காட்டில் பீச்சை அடையாளம் காண்பது எளிது. பெரும்பாலான மரங்களின் பட்டை வயதாக ஆக வெடித்துச் செதிளாகும். பீச்சின் பட்டையோ நூறு வயதிலும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். மற்ற மரங்கள் பழைய தோலை உதறிவிட்டு அடியில் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பீச் முதலில் உண்டான தோலையே கடைசிவரை விரித்து விரித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஐரோப்பியக் காதலர்கள் பெயர் செதுக்க இந்த மரத்தைத் தேடிப் போகிறார்கள். எழுத்து அகலமாகுமே தவிர அழியாது. மரத்துக்கு அது நல்லதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, கடினம் என்றால் என்ன? அதை அளக்க ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த கேப்ரியல் ஜங்கா என்ற ஆய்வாளர் 1906இல் உருவாக்கிய சோதனை அது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தின் மேல் வைத்து, சரிபாதி உள்ளே புதையும்வரை அழுத்த வேண்டும். எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதே கடினத்தின் அளவு. அது என்ன 11.28? அந்த விட்டத்துக்கு வட்டத்தின் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர் வரும். கணக்குப் போட வசதி, அவ்வளவுதான். பீச்சில் குண்டு புதைய சுமார் 650 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். தேக்குக்குச் சுமார் 480 போதும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மரம் என்பது நுண்ணிய குழாய்ச் செல்களின் தொகுப்பு. செல்லின் சுவர்தான் திடப்பொருள், உள்ளே வெற்றிடம். சுவரை மட்டும் தனியாக எடுத்து நிறுத்தால் எந்த மரமானாலும் ஏறக்குறைய ஒரே அடர்த்திதான்: ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிராம். பஞ்சுபோன்ற பால்சாவுக்கும் அதே எண், கருங்காலிக்கும் அதே எண். வேறுபடுவது, சுவர் எவ்வளவு தடிமன், வெற்றிடம் எவ்வளவு என்பது மட்டுமே. ஒரு கன மீட்டர் பீச் சுமார் 700 கிலோ எடை. அத்தனை கனமான கட்டையிலும் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். ஆக, நாம் தூக்கிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் செல் சுவரின் அளவைத்தான் சொல்கின்றன. அந்தச் சுவரைப் பூஞ்சை தின்னுமா தின்னாதா என்பதைப் பற்றி அவை ஒன்றுமே சொல்வதில்லை.

அதைச் சொல்வது வேதியியல். மரம் முதிரும்போது நடுப்பகுதியின் செல்கள் இறந்துபோகின்றன. இறப்பதற்கு முன் பல மரங்கள் அங்கே பிசின், டானின் போன்ற வேதிப்பொருள்களைச் சேர்த்துவைக்கும். நிறம் கருக்கும். இதைத்தான் 'வைரம் பாய்வது' என்கிறோம். பாடநூல்கள் வைரக்கட்டை என்கின்றன. வெளியே வெளுப்பாக இருப்பது சாற்றுக்கட்டை. தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்ற பொருள் இருக்கிறது. கரையானுக்கு அது ஆகாது. தேக்கிலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி மட்கத்தான் செய்யும். அனுபவமுள்ள ஆசாரி நிலைக்கட்டை எடுக்கும்போது 'வெள்ளையைக் கழித்துவிடு' என்று சொல்வது இதனால்தான்.

பீச்சுக்கு வைரம் பாய்வதில்லை. வெளியிலிருந்து நடு வரைக்கும் ஒரே வெளிர்நிறம். பூஞ்சைக்கு எதிரான மருந்து எதுவும் அந்தக் கட்டையில் கிடையாது. சில முதிர்ந்த மரங்களை வெட்டினால் நடுவில் செம்பழுப்பாக ஒரு பகுதி தெரியும். ஆளை ஏமாற்றும் போலி வைரம் அது. முறிந்த கிளையின் வழியே காற்று உள்ளே புகுந்து நிறம் மாறியதால் உண்டானது. தேக்கின் வைரத்துக்கு உள்ள எதிர்ப்பாற்றல் அதற்குக் கிடையாது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், பூஞ்சைக்கே மரத்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வகங்களில் கைவிரல் அளவுத் துண்டுகளாக மரத்தை அறுத்து, உலர்த்தி, நிறுத்து, மரத்தை அழிக்கும் பூஞ்சை வளர்ந்த கண்ணாடிச் சீசாவில் பதினாறு வாரம் வைப்பார்கள். வெளியே எடுத்து மறுபடி உலர்த்தி நிறுத்தால் எவ்வளவு எடை குறைந்தது என்று தெரிந்துவிடும். அதை வைத்து மரங்களை 1 முதல் 5 வரை வகுக்கிறார்கள். 1 என்றால் நெடுங்காலம் தாங்கும், 5 என்றால் தாங்கவே தாங்காது. நல்ல முதிர்ந்த தேக்கு 1, பீச் 5. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேறு மரத்தைச் சோதிக்கும்போதும் கூடவே ஒரு பீச் துண்டை வைப்பார்கள். பீச் போதிய அளவு மட்கவில்லை என்றால் அந்தப் பூஞ்சைக்கு வீரியம் இல்லை என்று பொருள், சோதனை செல்லாது. கெடுவதில் அவ்வளவு நம்பகமான மரம்!

ஆனால் பூஞ்சைக்கு உணவு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. அதனால்தான் ஐரோப்பிய வீடுகளுக்குள் நூற்றைம்பது வருடப் பழைய பீச் நாற்காலிகள் இன்றும் உட்காரத் தகுந்தபடி இருக்கின்றன.

வைரம் இல்லாததில் ஓர் ஆதாயமும் உண்டு. வைரம் பாயும்போது பல மரங்களில் நீர் கடத்தும் சைலக்குழாய்கள் அடைபட்டுவிடும். பீச்சில் அவை பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. உள்ளே நாம் எதைச் செலுத்தினாலும் போகும். இங்கிலாந்தின் ஜான் பெத்தெல், மூடிய உருளைக்குள் கட்டைகளை அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தும் முறைக்கு 1838இல் காப்புரிமை பெற்றார். சும்மா போட்டால் சில வருடங்களில் மட்கிப்போகும் பீச், எண்ணெய் குடித்த பிறகு ரயில் தண்டவாளத்துக்கு அடியில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடந்தது. பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் ஸ்லீப்பர் கட்டைகளில் பீச்சுக்குப் பெரிய இடம் உண்டு. மேலே சொன்ன போலி வைரத்தில் மட்டும் குழாய்கள் அடைபட்டிருப்பதால் எண்ணெய் ஏறாது. அப்படிப்பட்ட கட்டை ஸ்லீப்பருக்கு ஆகாது. கிரியோசோட் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதால் இப்போது ஐரோப்பாவில் அதற்குக் கடும் கட்டுப்பாடு.

வீட்டில் பீச் கரண்டி இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் ஆரஞ்சு கலந்த நிறத்தில், சில மில்லிமீட்டர் நீளமுள்ள பழுப்புக் கோடுகள், யாரோ கூர்மையான பென்சிலால் சின்னச் சின்னதாகக் கீறியதுபோல் தெரியும். பீச்சின் அடையாளமே அந்தக் கீறல்கள்தான். மெடுல்லா கதிர்கள் என்பார்கள்: மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி, ஆரத்தின் திசையில் ஓடும் செல் பட்டைகள். எல்லா மரத்திலும் உண்டு. பீச்சில் அகலமாக இருப்பதால் கண்ணுக்கே தெரிகின்றன. சாமான் ரப்பர் மரமா பீச்சா என்று சந்தேகம் வந்தால் இந்தக் கீறல்களைத் தேடிப் பார்க்கலாம்.

கதிர்கள் அழகுக்காக மட்டும் இல்லை. மரம் காயும்போது செல் சுவரிலிருந்து ஈரம் வெளியேற, சுவர் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு, குறுக்கே அதிகம். குறுக்கிலும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் சுருங்காது. ஆரத்தின் திசையில் கதிர்கள் பிடித்து நிறுத்துவதால் அங்கே குறைவு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் தடுக்க ஆளில்லை. பச்சையான பீச் பலகை பத்து சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முற்றிலும் காய்ந்தால் ஆரத் திசையில் அது 9.4 சென்டிமீட்டர் ஆகும். வளையத் திசையில் 8.8தான் நிற்கும். தேக்கில் இதே அளவுகள் 9.7, 9.5. இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் பச்சை பீச்சைக் காட்டிலேயே கடைந்து நாற்காலிக்கால் செய்த தொழிலாளிகள் இருந்தார்கள். பச்சைக் கட்டை வெட்டுவதற்கு மெது. ஆனால் வட்டமாகக் கடைந்த கால் காய்ந்ததும் லேசாக நீள்வட்டமாகிவிடும்.

காய்ந்த மரமும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பிச் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். ஐப்பசி மழையில் கதவு இறுகி, சித்திரையில் இடைவெளி விடுகிற தொல்லை பீச்சில் தேக்கைவிட இருமடங்கு. இதனால் அகலமான பலகைக்குப் பீச் சரிப்படாது. ஒல்லியான தண்டுகளாக வரும் சாமான்களில் இந்தத் தொல்லை தெரியாது.

ஒல்லியான தண்டுகள் என்றதும் மிகாயேல் தோனெட்டுக்கு வந்துவிட்டோம். ரைன் நதிக்கரையில் போப்பார்ட் ஊரில் 1796இல் பிறந்த தச்சர் அவர். வளைந்த நாற்காலி செய்ய அதுவரை தச்சர்களுக்குத் தெரிந்த வழி, அகலமான கட்டையிலிருந்து வளைவாக அறுத்து எடுப்பது. அதில் மரம் வீணாகும். அறுக்கும்போது நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் உடையும். தோனெட் மெல்லிய மரத்தகடுகளைப் பசையில் காய்ச்சி, அச்சில் வளைத்து ஒட்டிப் பார்த்தார். 1841இல் கோப்லென்ஸ் கண்காட்சியில் அதைக் கண்ட ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் அவரை வியன்னாவுக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் கப்பலேறி ஈரமான வெப்ப நாடுகளுக்குப் போனால் பசை விட்டுப்போகும். பசையே இல்லாமல் முழுத் தண்டையே வளைக்க முடியுமா என்பதுதான் அவர் முன் நின்ற கேள்வி.

மரத்தின் செல் சுவரில் இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு. செல்லுலோஸ் என்ற நீண்ட இழைகள்; அவற்றைச் சூழ்ந்து இறுக்கிப் பிடிக்கும் லிக்னின். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாகு சூடாக இருக்கும்வரை எப்படித் தட்டினாலும் அந்த வடிவத்துக்கு வரும். ஆறியதும் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும், பிறகு வளைத்தால் முறியும். லிக்னின் அந்தப் பாகு. ஈரத்தோடு நூறு டிகிரி வரை சூடேற்றினால் இளகும். ஆறி உலர்ந்தால் இறுகும். பீச் போன்ற அகன்ற இலை மரங்களின் லிக்னினில் குறுக்குப் பிணைப்புகள் குறைவு, அதனால் பைன் போன்ற ஊசியிலை மரங்களைவிடச் சுலபமாக இளகும்.

ஆனால் ஆவியில் இளக்கினால் மட்டும் போதவில்லை. வளைத்தால் வெளிப்பக்கம் பிளந்தது. ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டை, உள்விட்டம் 40 சென்டிமீட்டர் உள்ள இருக்கை வளையமாக்க வேண்டும். உள்பக்கச் சுற்றளவு சுமார் 126 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் 141. நேராக இருந்தபோது இரண்டு பக்கமும் ஒரே நீளம். வளைக்கும்போது நடுப்பகுதி நீளம் மாறாமல் நிற்க, வெளிப்பக்கம் ஆறு சதவீதம் நீள வேண்டியிருக்கும், உள்பக்கம் அதே அளவு சுருங்க வேண்டும். ஆவியில் இளகிய மரத்தை நார் ஓடும் திசையில் கால் பங்கு வரைகூட அமுக்கிச் சுருக்கலாம். இழுத்து நீட்டவோ ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் முடியாது. ஆறு சதவீதம் கேட்டால் கிழிந்துவிடும்.

தோனெட் கண்ட வழி, தண்டின் வெளிப்பக்கம் முழுக்க ஓர் இரும்புப் பட்டையை வைத்து இரண்டு முனையிலும் இறுக்கிவிடுவது. இரும்பு நீளாது. ஆகவே வெளிப்பக்கத்து மரமும் நீள வேண்டியதில்லை. 141 சென்டிமீட்டர் அப்படியே இருக்கும். வித்தியாசம் முழுவதும் உள்பக்கத்தின் தலையில் விழுகிறது. அது பதினோரு சதவீதம் சுருங்க வேண்டும், அவ்வளவு சுருங்க மரத்தால் முடியும். வளைந்த தண்டின் உள்பக்கத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் செல் சுவர்கள் மடிந்து நெளிந்திருப்பது தெரியும். எந்த விசை எங்கே போகும் என்பதைச் சூத்திரம் இல்லாமல் ஒரு தச்சர் கையாலேயே கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு.

எல்லா மரமும் இதற்கு இணங்காது. பீச்சில் நார் நேராக ஓடும், கிளைக்கணு இல்லாத நீளக் கட்டை கிடைக்கும். அதோடு அது 'பரவல் துளைக்கட்டை' வகை; சிறிய சைலக்குழாய்கள் ஆண்டு வளையம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கும். தேக்கு, ஓக் போன்ற 'வளையத் துளைக்கட்டை'களில் பெரிய குழாய்கள் ஒரே வரிசையில் திரண்டிருக்கும். பீச்சில் அப்படி ஒரு வரிசை இல்லாததால் வளைக்கும்போது அமுக்கம் சீராகப் பரவுகிறது. தோனெட் மொராவியாவின் கொரிச்சானியில், பீச் காட்டுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை கட்டினார். 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத்துண்டு, பத்து திருகாணி, இரண்டு மரை. இருக்கைக்குப் பிரம்புப் பின்னல். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. 1930க்குள் ஐந்து கோடி விற்றுவிட்டது. வியன்னா காபிக் கடையிலிருந்து மும்பை இரானி ஹோட்டல் வரை நாம் பார்க்கிற வளைந்த முதுகு நாற்காலியின் பாட்டன் அதுதான். செக் குடியரசில் 1861இல் தோனெட் குடும்பம் தொடங்கிய ஆலை ஒன்றில் இன்றும் ஆவியில் வெந்த பீச் தண்டுகளைக் கையாலேயே வளைக்கிறார்கள்.

சமையலறைக்குப் பீச் வந்ததற்கும் அந்த வைரமின்மையே காரணம். மணமோ துவர்ப்போ சேர்க்கும் பொருள்கள் மிகக் குறைவு, துளைகள் மிகச் சிறியவை, சிம்பு கிளம்பாது. அமெரிக்காவின் பட்வைசர் பியரைப் பீச் சீவல்களின் மேல் பதப்படுத்துவதாக விளம்பரம் செய்வார்கள். அந்தச் சீவல்களை முன்கூட்டியே சமையல் சோடாவில் கொதிக்கவைத்து, கொஞ்சநஞ்சம் இருக்கிற சுவையையும் எடுத்துவிடுவார்கள். ஈஸ்ட் படிந்து வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்கு மட்டுமே அவை. உடுப்பு வழியாகவும் பீச் நம்மிடம் வருகிறது. ஆஸ்திரியாவின் லென்சிங் ஊரில் பீச் கட்டையைக் கூழாக்கி, லிக்னினை நீக்கி, செல்லுலோஸைக் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத்தில் பிழிந்து இழையாக்குகிறார்கள். மோடல் என்று பெயர். திருப்பூரில் தைக்கும் மெல்லிய உள்ளாடைத் துணிகளின் சீட்டில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

வைரத்தைச் செயற்கையாகப் பாய்ச்சும் முயற்சியும் நடக்கிறது. ஆக்சிஜன் புகாத சூளையில் 180 முதல் 220 டிகிரி வரை சுட்டால், செல் சுவரில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பகுதி சிதைந்துவிடும். மரம் காபி நிறத்துக்கு வரும், உப்புவது குறையும், பூஞ்சைக்கும் எளிதில் இரையாகாது. ஆனால் வலு குறைந்து நொறுங்கும் தன்மை கூடும் என்பதால் பாரம் தாங்கும் இடத்தில் அதைப் போடுவதில்லை.

ஆகவே கடையில் 'பீச் வுட்' என்றால், கனத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நாற்காலி, தொட்டில், பொம்மை, கைப்பிடி, கரண்டி இவற்றுக்கு அதைவிட நல்ல மரம் அந்த விலைக்குக் கிடைப்பது கடினம், தயங்காமல் வாங்கலாம். வாசற்கால், ஜன்னல், குளியலறை அலமாரி, மழைச்சாரல் படும் பால்கனி பெஞ்ச் இவற்றுக்கு, விற்பவர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். கரையான் நடமாடும் தரைத்தள வீட்டில், சுவரோடு ஒட்டிப் பீச் சாமானை நிறுத்துவதையும் தவிர்க்கவும். கரண்டியையும் பலகையையும் இரவெல்லாம் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். கழுவி, துடைத்து, காற்றுப்படும்படி நிமிர்த்தி வைத்தால் பல வருடம் வரும்.